சுவர் இல்லாத இடது பக்கம்

பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்கள் என்ற செய்தி ஊரிலேயே கடைசியாகப் போய்ச் சேர்ந்தது ஆபரேட்டருக்குத்தான். இத்தனைக்கும் ஊர்ச் செய்தியில் பாதி அவர் காது வழியாகப் போவது. பெரிய ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்கு அடியில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, இவ்வளவுதான் கொள்ளும் என்கிற அறையில் அவருடைய டெலிபோன் போர்டு இருக்கிறது. யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த வார்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த டாக்டர் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்கிறார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு குரலை ஒரு முறை கேட்டால் போதும், அடுத்த முறை "சொல்லுங்க, எலும்பு வார்டுதானே?" என்பார். அவருக்குப் பார்வை கிடையாது என்பது போனில் பேசுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

அப்பேர்ப்பட்டவரிடமிருந்து ஒரு முழுக் கட்டடத்தையே காதும் காதும் வைத்தாற்போல மறைத்துவிட்டார்கள். அந்தக் கூட்டுச் சதிக்குத் தலைமை அவருடைய அக்கா.

அக்காவின் எண்ணத்தில் குற்றம் சொல்ல முடியாது. நூறு வருடத்துக்கும் மேலாக நின்ற கட்டடம். உறுதியாக இல்லை என்று அதிகாரிகள் எழுதிவிட்டார்கள், பிள்ளைகளை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தம்பி தன் கண்ணால் பார்த்த கடைசிக் கட்டடம் அது. இடிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஆள் உடைந்து போய்விடுவான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். இயந்திரங்கள் வந்து இறங்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய், நர்ஸ்களை ஏற்றிவரும் வேனில் தம்பிக்கு ஓர் இடம் பிடித்தாள். தம்பியிடம் சொன்ன கதை வேறு.

"பள்ளிக்கூடத் தெருவை முழுக்கத் தோண்டிப் போட்டிருக்காங்கடா. பெரிய குழாய் பதிக்கிறாங்களாம். கொஞ்ச நாளைக்கு வேன்ல போ."

"எவ்வளவு நாளைக்கு?"

"அதை அந்தக் குழாய்கிட்டதான் கேக்கணும்."

வேன் டிரைவரும் கூட்டு. பள்ளிக்கூடத் தெருவைத் தொடாமல் ஊரைச் சுற்றி, ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு போனார். நர்ஸ்களில் ஒருத்தி 'பள்ளிக்கூடம்' என்று வாயெடுத்தால் இன்னொருத்தி இடுப்பில் இடிப்பாள். இடி வாங்கியவள் 'ஸ்' என்பது ஆபரேட்டருக்குத் தெளிவாகக் கேட்கும். ஏதோ கல்யாணப் பேச்சு, நமக்கெதற்கு என்று இருந்துவிட்டார். போர்டிலும் அப்படித்தான். லைனில் யாரோ "அந்தக் கல்லையெல்லாம் என்ன பண்ணப் போறாங்களாம்?" என்று கேட்டபோது, சிறுநீரகக் கல் என்று எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போட்டுக் கொடுத்தார்.

வேன் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் இருப்பது அக்கா, அக்கா மகள், அவர். அக்கா கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவுக்குத் தம்பிதான் முழுநேர வேலை. சட்டைப் பொத்தான் சரியா, தண்ணீர் குடித்தானா, எழுந்தானா, உட்கார்ந்தானா. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் முழுக்கக் காதில் பேசும். இரண்டுக்கும் நடுவே காலையில் தனியாக நடக்கிற நடை ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. அந்த நேரத்தில் அவர் யாருடைய தம்பியும் இல்லை, ஆபரேட்டரும் இல்லை. தெருவில் போகிற ஓர் ஆள்.

பார்வையில்லாதவர்கள் அடிகளை எண்ணிக்கொண்டு நடப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆபரேட்டரிடம் கேட்டால், "நடுவுல ஒருத்தர் நலமான்னு கேட்டா மறுபடி வீட்டுக்குப் போய் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறதா?" என்பார். அவர் சுவரைக் கேட்டு நடந்தார். பள்ளிக்கூடச் சுவர் தெருவை ஒட்டி இடது பக்கம் நீளமாகப் போகும். தானியக் கிடங்காகக் கட்டிய கட்டடம் அது. பிறகுதான் பள்ளிக்கூடம் ஆனது. சுவரின் கனம் அப்படி, ஜன்னல்கள் எட்டாத உயரத்தில். கோல் நுனியைத் தட்டினால் சத்தம் சுவரில் போய் முட்டித் திரும்பும். வண்டிகளின் இரைச்சலும் அதில் பட்டு இடது காதுக்கு அருகே வரும். வாசல் வரும்போது மட்டும் சத்தம் உள்ளே போய் ஏமாற்றும். பிறகு மறுபடியும் சுவர். சுவர் முடிகிற இடத்தில் இடது கன்னத்தில் காற்று அடிக்கும். அங்கே நின்று, வலது பக்கம் திரும்பி, தெருவைக் கடந்தால் ஆஸ்பத்திரி வாசல். இத்தனை வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

அந்தத் தெருவில் யார் கையையும் அவர் பிடித்ததும் இல்லை. அதற்கு வேறு காரணம் இருந்தது.

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது கண் எல்லோரையும் போலத்தான் இருந்தது. பிறகு கரும்பலகை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போக ஆரம்பித்தது. கடைசி பெஞ்சிலிருந்து நடு பெஞ்சு, அதிலிருந்து முதல் பெஞ்சு. பிறகு டீச்சரே பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டார். மூக்கு சாக்பீஸ் தூளில் உரச, ஓர் எழுத்து, அடுத்து ஓர் எழுத்து என்று தேடிப் படிப்பார். கண் டாக்டர் அப்பாவை வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். அதன் பிறகு, இரண்டு வகுப்பு மேலே படித்த அக்கா அவர் கையைப் பிடித்துத் தெருவில் கூட்டிவருவாள், வகுப்பில் விடுவாள், மணி அடித்ததும் வந்து பிடித்துக்கொள்வாள். வகுப்பில் உடல் பெருத்த பையன் ஒருவன், எல்லோருக்கும் அவன் குண்டு, அதற்கு ஒரு பெயர் கண்டுபிடித்தான்.

"டேய், வால் வந்தாச்சு! அக்கா முன்னாடி, வால் பின்னாடி!"

அந்த வருடம் முழுக்க அவர் வால். அடுத்த வருடம் வெளியூரில் பார்வையற்றோர் விடுதிப் பள்ளி. அங்கே விரலால் படிக்கவும் கோலோடு நடக்கவும் போர்டில் வேலை பார்க்கவும் கற்றுக்கொண்டார். வேலை கிடைத்து ஊருக்குத் திரும்பிய முதல் நாள், பள்ளிக்கூடத் தெருவில் யாரோ ஒரு பெரியவர் ஐயோ பாவம் என்று கையைப் பிடித்தார். ஆபரேட்டர் உதறினார். "கையை எடுங்க. இந்தத் தெரு எனக்குத் தெரியும்." அன்றிலிருந்து அந்தத் தெருக் கடைக்காரர்கள் யாரும் அவரைத் தொட்டதில்லை.

கதை வெளிப்பட்டது ஒரு டயரால். வேன் பஞ்சர், வரத் தாமதமாகும் என்று போன் வந்தபோது அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். குழாய் வேலை முடிந்திருக்காதா என்று ஆபரேட்டர் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பள்ளிக்கூடத் தெருவில் திரும்பியபோது மனதில் வேறு யோசனை. முந்தின நாள் ஒரு பெண் லைனில் காத்திருக்கும்போதே பாதியில் வைத்துவிட்டாள். ஏன் வைத்தாள், குரல் ஒரு மாதிரி இருந்ததே என்று நினைத்துக்கொண்டே நடந்தவருக்குத் திடீரென்று உறைத்தது. இடது பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. கோலைத் தட்டினார். சத்தம் போனது, திரும்பவில்லை.

முதலில் வந்தது பயம். கண் போனது போல இடது காதும் போய்விட்டதோ? அப்படியே நின்று, இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தார். கணீரென்று கேட்டது. மறுபடியும் சொடுக்கினார். நன்றாகவே கேட்டது. அப்படியானால் யோசனையில் சுவர் முழுவதையும் கடந்து முனைக்கு வந்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டார். கன்னத்தில் காற்று வேறு அடித்தது. சுவர் இல்லாமல் போகும் என்று எந்த மனிதன் நினைப்பான்? தன் மேல்தான் சந்தேகம் வரும். வலது பக்கம் திரும்பி, தெருவில் இறங்கினார்.

பைக்கின் கைப்பிடி முழங்கையில் மோதியது. விழுந்தார். பைக்கில் வந்தவன் பிரேக்கை அழுத்தியபடியே திட்ட ஆரம்பித்தான். "கண்ணு என்ன பொடனியிலயா..." கீழே கிடந்த கோலைப் பார்த்திருக்க வேண்டும், திட்டு பாதியில் நின்று குரல் குழைந்தது. "சார், சார்... தெரியாம... அடிபட்டுச்சா சார்?" விழுந்ததைவிட அந்தக் குழைவுதான் ஆபரேட்டருக்கு வலித்தது. முழுசாகத் திட்டியிருக்கலாம்.

எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் ஓடிவந்தார். "என்ன சார் இங்க இறங்கிட்டீங்க? இது நடுத்தெரு, முனை இன்னும் வரல."

"சுவர் முடிஞ்சுதே?"

"சுவரா? பள்ளிக்கூடத்தை இடிச்சுத் தரைமட்டமாக்கியாச்சே. பச்சை வலை கட்டி வச்சிருக்காங்க. நடைபாதையும் லாரி ஏறி நொறுங்கிப் போச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"பள்ளிக்கூடம்தானா?" என்றார் ஆபரேட்டர். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், "அப்பாடா" என்றார். "நான் காதுதான் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

அந்த 'அப்பாடா' அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்கு முன்பே அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று மாலை வீட்டில் பெரிய பேச்சு. முழங்கையில் கட்டு. அக்கா மகள் பல் டாக்டரிடம் உதவியாளர், கட்டைப் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டினாள்.

"அப்பாடாவாம்! நான் அந்த வலைகிட்ட நின்னு அழுதுட்டு வந்தேன். அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு எத்தனை பேர் காலைப் பிடிச்சேன். கடைசியில அப்பாடாவாம்."

"நீ சொல்லியிருந்தா நான் விழுந்திருக்க மாட்டேன்க்கா."

"சொல்லியிருந்தா மனசு உடைஞ்சு விழுந்திருப்பே."

"இப்ப முழங்கைதான் உடையப் பார்த்துச்சு."

"மாமா, நிஜமாவே உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டாள் அக்கா மகள்.

ஆபரேட்டர் யோசித்துப் பார்த்தார். "நீ ஊசி போட்டு விடுவாங்கன்னு சொல்லுவியே, பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி. அப்புறம் மரத்துப்போன ஈறை நாக்கால தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே. இருக்கு, ஆனா யாரோடதோ மாதிரி இருக்கு. அப்படித்தான் இருக்கு."

"அது கொஞ்ச நேரத்துல சரியாயிடும் மாமா."

"சரியானா வலிக்கும்ல?"

அக்கா அதற்கெல்லாம் மசியவில்லை. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று முடித்தாள். இனி வேன்தான். பத்து நாளைக்கோ மாதத்துக்கோ இல்லை, வேலையில் இருக்கிற வரைக்கும். மறுபடி தனியாகப் போனால் மேலதிகாரியிடம் பேசி வேலையையே விடச் செய்துவிடுவேன் என்றாள். செய்யக்கூடியவள்தான்.

"இன்னொரு தடவை நடந்து பார்க்கறேன்" என்றார் ஆபரேட்டர். "நீயும் பின்னாடி வா. பேசக்கூடாது, தொடக்கூடாது. நான் போய்ச் சேரலைன்னா வேன்ல ஏறிக்கிறேன். சாகிற வரைக்கும் அந்த ரேடியோவைக் கேக்கறேன்."

"சேந்துட்டா?"

"வேனுக்கு வேண்டாம்னு சொல்லிடு."

"ஞாயித்துக்கிழமை கழியட்டும்" என்று மட்டும் சொன்னாள் அக்கா.

நடுவே போர்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. "டேய், நான்தான்டா குண்டு!" இப்போது ஆள் மெலிந்து சர்க்கரை வியாதியோடு இருக்கிறானாம், ஆனால் பெயர் மெலியவில்லை. பழைய மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் அஞ்சலிக் கூட்டம் நடத்தப் போகிறார்கள். கட்டடத்துக்கு அஞ்சலி.

"நீ வந்து பேசணும்டா. உன் கண்ணு கடைசியா பார்த்தது அதைத்தானே. நீ பேசினா ஒருத்தன் கண்ணுலயும் தண்ணி நிக்காது. எனக்கு இப்பவே..." குரல் உண்மையாகவே உடைந்தது. "ஆளாளுக்கு ஒரு கல்லு எடுத்து வச்சிருக்கோம். உனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன், பெரிசா, நல்லதா."

ஆபரேட்டர் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். கரும்பலகையை நினைத்தார். அது வந்தது, ஆனால் தான் பார்த்த பலகையா, பின்னால் அக்கா சொல்லிச் சொல்லி உண்டான பலகையா என்று பிரிக்க முடியவில்லை. உயரத்து ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழும் என்று தெரியும். வெளிச்சம் எப்படி இருக்கும் என்பது சரியாகப் பிடிபடவில்லை. குண்டு மூக்கைச் சிந்துவது கேட்டது. அவன் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒன்று அவனுக்குப் போய்விட்டது, அழுகிறான். நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"வேற கால் வருதுடா, வைக்கிறேன்" என்றார். வேறு எதுவும் வரவில்லை.

திங்கட்கிழமை இருவரும் கிளம்பினார்கள். ஆபரேட்டர் முன்னால். கொஞ்சம் தள்ளி அக்காவின் செருப்பு. அக்கா ஒரு காலை இழுத்து நடப்பாள், எந்தக் கூட்டத்திலும் அந்தச் செருப்பு அவருக்குத் தெரியும். சுவருக்கு முந்தின கடைகள் வரைக்கும் சிக்கல் இல்லை. முதலில் தெருவின் மறுபக்கமாகப் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தார். கடை வாசல்களில் நிறுத்தியிருந்த பைக்குகள் அந்தத் திட்டத்தை முடித்துவைத்தன. கோல் ஒன்றில் சிக்கியது, அது பக்கத்து வண்டியில் சாய்ந்தது, அது அடுத்ததில். வரிசை முழுக்கச் சரிந்த சத்தம் அடங்க நேரமாயிற்று.

"யாருய்யா அது?" என்று கத்திக்கொண்டு வந்த ஜெராக்ஸ்காரர், "அட, நீங்களா சார்? பரவாயில்ல, பரவாயில்ல" என்றார். "நாளைக்கு வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்றேன்."

"நாளைக்கு வேற வண்டி நிக்கும், வேற இடத்துல நிக்கும். விடுங்க" என்றார் ஆபரேட்டர். பின்னால் அக்காவின் செருப்பு நின்றிருந்தது. பேசவில்லை. பேசாமல் இருக்க என்ன பாடுபடுகிறாள் என்பது அவள் மூச்சில் தெரிந்தது.

திரும்பவும் இடது பக்கத்துக்கே வந்தார். சுவர் தொடங்க வேண்டிய இடம். கோலுக்கு உடைந்த கற்கள் தட்டுப்பட்டன. அதற்கு அப்பால் வலை, சத்தத்தை விழுங்கிவிட்டு ஒன்றும் சொல்லாத வலை. உள்ளே எங்கோ ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. லாரி ஒன்று குறுக்கே ரிவர்ஸில் வந்தது. எந்தப் பக்கம் தெரு, எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியவில்லை. தூள் மூக்கில் ஏறித் தும்மினார். பள்ளிக்கூடத்தின் தூள்தான். மறுபடியும் தும்மினார். அவ்வளவுதான் வந்தது.

வெகுநேரம் நின்றார். போக முடியாது என்று தெரிந்தது. இன்றைக்கு மட்டுமில்லை, இந்தத் தெருவில் இனி எப்போதுமே தனியாகப் போக முடியாது. புதிதாக எது வந்தாலும் அது எழும்பி, அதன் சத்தம் பழகுவதற்குள் அவர் ஓய்வு பெற்றிருப்பார். பின்னால் செருப்பு ஒரு அடி முன்னால் வந்தது, நின்றது. 'அக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை வந்துவிடும். மறுநாளிலிருந்து வேனும் வந்துவிடும்.

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். போர்டில் பேசுகிற குரலில், தெளிவாக, சத்தமாக, தெருவைப் பார்த்துக் கேட்டார்: "ஆஸ்பத்திரிப் பக்கம் யாராவது போறீங்களா?"

சொல்லி முடித்ததும் முகம் சூடாகுமென்று எதிர்பார்த்தார். அதுகூட இல்லை. யாரோ இருவர் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். இன்னொரு முறை கேட்டார்.

"நான் அங்கதான் சார் போறேன்." இளம் குரல், வேகமான குரல், தோளில் கனமான பை உரசுகிற சத்தம். வந்ததும் வராததுமாக ஆபரேட்டரின் கையைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

"தள்ளாதீங்க தம்பி, நான் வண்டி இல்ல. நீங்க முன்னாடி போங்க. உங்க முழங்கையை நான் பிடிச்சுக்கிறேன்."

"ஓ, அப்படியா சார்? எனக்குத் தெரியாது. மருந்து கம்பெனில சேல்ஸ் பாக்கறேன். இந்த ஊருக்கு வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு. பாத்து சார், இங்க பள்ளம்... இங்க ஒரு பெரிய கல்லு... என்ன சார் இருந்துச்சு இந்த இடத்துல?"

"பள்ளிக்கூடம்."

"ஓ. பெரிசா?"

"நான் பார்த்தப்போ சின்னப் பையன். அப்போ எல்லாமே பெரிசாத்தான் தெரிஞ்சுது."

"என்ன கட்டப் போறாங்களாம்?"

"தெரியல."

அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. அல்சர் மாத்திரை விற்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல ஆரம்பித்தான். அந்த முழங்கை வியர்த்திருந்தது, சட்டையில் புதுத் துணியின் கஞ்சி விறைப்பு. வலையோரம் முழுக்க அவன் பேசிக்கொண்டே வந்தான். எங்கே வாசல் இருந்திருக்கும், எங்கே சுவர் முடிந்திருக்கும் என்று ஆபரேட்டருக்குத் தெரியவில்லை. அவன் திரும்பியபோது திரும்பினார், நின்றபோது நின்றார். தெருவைக் கடந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலின் சரிவு காலுக்குத் தெரிந்தது.

பின்னால் வந்த செருப்பும் அங்கே நின்றது.

"என்னடா இது?" என்றாள் அக்கா. இனிப் பேசலாம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். "அக்கா பின்னாடியே வர்றேன், வழியில போறவன் கையைப் பிடிக்கறே?"

"இவருக்கு நான் யாருன்னு தெரியாது. அதான் பிடிச்சேன்."

"தினமும் ஒருத்தன் கிடைப்பானா?"

"இது ஆஸ்பத்திரி. தினமும் யாராவது வந்துதானே ஆகணும்."

"மழை பெஞ்சா?"

"மழை நாள்ல வேன்."

"முழங்கை ஆறுற வரைக்கும் வேன்."

"சரி."

"வேனுக்குச் சொல்லிட்டு வர்றேன்" என்று அக்கா காலை இழுத்துக்கொண்டு நடந்தாள். எதைச் சொல்லப் போகிறாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் விளக்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

மருந்து கம்பெனிக்காரன் முழங்கையை நீட்டியபடியே இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"சார், கையை எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோங்க" என்றார் ஆபரேட்டர். உள்ளே, மாடிப்படிக்கு அடியில், போர்டு அடித்துக்கொண்டே இருந்தது.